வேல்ஸில் பள்ளித் தலைமையாசிரியர் ஆவது எப்படி: நான் வந்த வழி

போன மாதம் ஸ்வான்சியில் இருந்து ஒரு தங்கை போன் செய்தாள். வேதியியல் ஆசிரியை. ஏழு வருட அனுபவம், இப்போதுதான் துறைத் தலைவர் ஆகியிருக்கிறாள். "அக்கா, தலைமையாசிரியர் ஆகணும்னா இனி நான் என்ன செய்யணும்? இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகுதான் பாதி விஷயத்தைச் சொல்லவே இல்லை என்று தோன்றியது. அவளுக்கும் அவளைப் போல இங்கே ஆசிரியராக இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் 1998-ல் கார்டிஃபில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தேன். 2015-ல் ரோண்டா பள்ளத்தாக்கில் உள்ள ஒரு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனேன். 2024 கோடையில் ஓய்வு பெற்றேன். ஆக, எனக்குப் பதினேழு வருடம் பிடித்தது. இதைவிடக் குறைவான காலத்தில் வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். லண்டனில் இருக்கும் உறவினர் சொல்லும் யோசனை இங்கே பெரும்பாலும் பொருந்தாது. கல்வி முழுக்க வேல்ஸ் அரசின் கையில் இருக்கிறது. கவுன்சிலின் கீழ் வராமல் தனியாக நடக்கும் அகாடமிப் பள்ளிகள் இங்கிலாந்தில் தெருவுக்கொன்றாக உண்டு, வேல்ஸில் ஒன்றுகூட இல்லை. பள்ளிகள் 22 கவுன்சில்களின், அதாவது உள்ளாட்சி மன்றங்களின், கீழ் வருகின்றன. பள்ளிகளை ஆய்வு செய்ய வருவது இங்கிலாந்தின் ஆஃப்ஸ்டெட் அல்ல, வேல்ஸின் எஸ்டின். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் மதிப்பெண் 9, 8, 7 என்று எண்ணில் வராது, இன்னமும் ஏ-ஸ்டாரில் தொடங்கும் எழுத்தில்தான் வரும். ஆசிரியர் சம்பளத்தையும் 2018 செப்டம்பர் இறுதியிலிருந்து வேல்ஸ்தான் முடிவு செய்கிறது. நேர்காணலில் இங்கிலாந்துக் கொள்கை ஒன்றை வேல்ஸ் கொள்கை என்று நினைத்துப் பேசிவிட்டால், எதிரே இருப்பவர்கள் முகம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து.

ஆசிரியராக நுழைவது

இந்தப் பகுதி நேரானது. பட்டப்படிப்புக்குப் பிறகு பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு, அதோடு தகுதிபெற்ற ஆசிரியர் என்ற அங்கீகாரம். கார்டிஃப் மெட்ரோபாலிடன், ஸ்வான்சி, பாங்கர், அபெரிஸ்ட்வித் எனப் பல இடங்களில் படிக்கலாம். வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட முடியாதவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. கணிதம், இயற்பியல், வேதியியல், வெல்ஷ் போன்ற ஆள் கிடைக்காத பாடங்களுக்குச் சில ஆண்டுகளாக 15,000 பவுண்ட் வரை ஊக்கத்தொகை தருகிறார்கள். சிறுபான்மை இனத்தவர் ஆசிரியராகப் பயிற்சி பெற 2022 முதல் தனியாக 5,000 பவுண்ட் வந்தது. தொகையும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கல்விப் பணியாளர் மன்றத்தில் பதிவு. பதிவு இல்லாமல் வகுப்பில் நிற்க முடியாது. அதன்பின் அறிமுகக் காலம்: பொதுவாக மூன்று பருவம், அதாவது அரைநாள் கணக்கில் 380 அமர்வு.

நடுவில் வரும் வருடங்கள்

வகுப்பாசிரியர், துறைத் தலைவர் அல்லது ஆண்டுத் தலைவர், உதவித் தலைமையாசிரியர், துணைத் தலைமையாசிரியர். படிகள் இவ்வளவுதான். இதில் துறைத் தலைவருக்கும் ஆண்டுத் தலைவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. துறைத் தலைவர் பாடத்தைப் பார்க்கிறார். ஆண்டுத் தலைவர் ஒரு வயதுப் பிள்ளைகள் எல்லாரையும் பார்க்கிறார்: யார் வரவில்லை, யார் வீட்டில் என்ன நடக்கிறது, யார் யாரோடு சண்டை.

நம்மவர்கள் பெரும்பாலும் கணிதம், அறிவியல் என்று துறை வழியாகவே மேலே போகப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் ஐந்து வருடம் கணிதத் துறையை நடத்தினேன். ஆனால் தலைமையாசிரியர் வேலைக்கு என்னைத் தயார் செய்தது அதற்குப் பிறகு வந்த மூன்று வருடம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் 190 பேருக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு பையன் எல்லா வியாழக்கிழமையும் வரமாட்டான். உள்ளம் சார்ந்த சிக்கல் ஏதோ இருக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். விசாரித்தால், வியாழன் உடற்பயிற்சி வகுப்பு, அவனிடம் ஷூ இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் மாட்டான். கிடங்கில் இருந்து ஒரு ஜோடி எடுத்து, வகுப்புக்கு முன்னால் அவன் பையில் போட்டு வைத்தோம். அடுத்த வியாழன் வந்தான். இந்த மாதிரி விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் கை ஆண்டுத் தலைவர் வேலையில்தான் பழகும். வாய்ப்பு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சரி.

துணைத் தலைமையாசிரியர் ஆன பிறகு, இரண்டு வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்: பட்ஜெட், பிள்ளைகளின் பாதுகாப்பு. கால அட்டவணை போடுவதும் நல்ல பயிற்சிதான். ஆனால் அதை யாராவது உங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், கணிதம் படித்தவர் என்றால் கட்டாயம் கொடுப்பார்கள்.

என்பிக்யூஎச்

தலைமையாசிரியருக்கான தேசியத் தொழில்முறைத் தகுதி. முதன்முறையாக நிரந்தரத் தலைமையாசிரியர் ஆகிறவருக்கு 2005-ல் வேல்ஸ் இதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. இங்கிலாந்து 2012-ல் கட்டாயத்தைக் கைவிட்டபோதும் வேல்ஸ் வைத்துக்கொண்டது. இந்த விதியும் மாறக்கூடியது என்பதால், இப்போது கட்டாயமா என்று விண்ணப்பிக்கும் ஆண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வேல்ஸின் தொழில்முறைத் தரங்கள் ஐந்து: கற்பித்தல், கூட்டுழைப்பு, தொழில்முறைக் கற்றல், புதுமை, தலைமை. 2017-ல் வந்தவை. உங்கள் வேலையை இந்த ஐந்தின் அடியில் ஆதாரத்தோடு காட்ட வேண்டியிருக்கும்.

இங்கே ஆதாரம் என்றால் சான்றிதழ் அல்ல. நீங்கள் ஒன்றை மாற்றினீர்கள், அதனால் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பது. அதனால் இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். தேதி, என்ன பிரச்சினை, என்ன செய்தேன், யார் எதிர்த்தார்கள், ஆறு மாதம் கழித்து என்ன நிலை. நான் ஆறு வருடக் குறிப்பை வைத்திருந்தேன். விண்ணப்பத்தை ஒரு வார இறுதியில் முடித்தேன். குறிப்பு இல்லாத என் தோழி இரண்டு மாதம் பழைய மின்னஞ்சல்களைக் கிளறினாள்.

வெல்ஷ் மொழி

ஆங்கிலவழிப் பள்ளிதானே, வெல்ஷ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் வெல்ஷ் படிக்கிறார்கள். 2050-க்குள் பத்து லட்சம் வெல்ஷ் பேசுவோர் என்பது 2017-ல் அரசு அறிவித்த இலக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த எண் சுமார் 5,38,000. இடைவெளியை நிரப்பும் வேலையில் பெரும்பங்கு பள்ளிகளின் தலையில்தான் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு இலவச வகுப்புகள் உண்டு. பள்ளியிலிருந்து விடுப்பு கொடுத்து மொழி கற்க அனுப்பும் திட்டமும் உண்டு.

தமிழ் தெரிந்தவருக்கு வெல்ஷ் அவ்வளவு அந்நியமாக இருக்காது. கார்டிஃபின் வெல்ஷ் பெயர் கைர்டீத். "கார்டிஃபில்" என்று சொல்ல வந்தால் முதல் எழுத்தே மாறிவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த என் சகாக்கள் இதில் திணறினார்கள். பக்கத்துச் சொல்லைப் பார்த்து எழுத்து மாறுவது தமிழில் புணர்ச்சி விதி படித்தவருக்குப் புதிதா என்ன? நம் ழகரம் மாதிரி அவர்களுக்கும் வெளியாள் நாக்கில் லேசில் வராத ஓர் ஒலி உண்டு. நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு காற்றை மட்டும் பக்கவாட்டில் விடவேண்டும். எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. பதினெட்டுக்குப் பழைய வெல்ஷ் சொல் "டேனௌ", அதாவது இரண்டு ஒன்பது. கணித ஆசிரியைக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது, மொழியோடு ஒட்டிக்கொள்ள.

இன்னொன்றும் தெரிந்து வைத்திருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசினாலும் அது அவர் கழுத்துக்குப் போகும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு அடி. 1847-ல் வந்த அரசு அறிக்கை ஒன்று வெல்ஷ் மக்களின் மொழியையும் ஒழுக்கத்தையும் சேர்த்து இழிவாக எழுதியது. "நீலப் புத்தகங்களின் துரோகம்" என்று இன்றும் சொல்கிறார்கள். இந்த வரலாறு உள்ள நாட்டில் ஒரு தலைமையாசிரியர் காலை வணக்கத்தை வெல்ஷில் சொல்வது வெறும் மரியாதைக்காக அல்ல.

நேர்காணல்

தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது பள்ளி நிர்வாகக் குழு. கவுன்சில் அதிகாரி பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்வார். பொதுவாக இரண்டு நாள். முதல் நாள் பாடம் ஒன்றைக் கவனித்து மதிப்பிடச் சொல்வார்கள், தேர்வு முடிவுகளைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள், மாணவர் குழு கேள்வி கேட்கும். அன்று மாலை சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் மீதிப் பேரை முழுக் குழு விசாரிக்கும்.

எனக்கு முதல் இரண்டு முயற்சியும் தோற்றது. ஓர் இடத்தில், "எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு நீங்கள் ஒத்துவருவீர்களா என்று தயக்கமாக இருந்தது" என்று போனில் சொன்னார்கள். அதன் பொருள் எனக்குப் புரிந்தது. ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் பெட்டி கேம்பலைப் பற்றி வாசித்தேன். கார்டிஃப் துறைமுகப் பகுதியான ப்யூட்டவுனில் பிறந்தவர். ஆசிரியராக ஆசைப்பட்ட சிறுமியிடம், உன்னைப் போன்றவளுக்கு அது நடக்காது என்று அவருடைய ஆசிரியையே சொன்னார். 1970-களில் அதே ப்யூட்டவுனில் மவுண்ட் ஸ்டூவர்ட் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆனார், வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியர். 2021 செப்டம்பரில் கார்டிஃப் ரயில் நிலையத்துக்கு எதிரே அவருக்குச் சிலை வைத்தார்கள். நான் என் பத்தாம் ஆண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உங்களுக்கும் அப்படி ஒரு போன் வந்தால், பதிலை எழுதி வாங்குங்கள், தொழிற்சங்கத்திடம் காட்டுங்கள், அடுத்த விளம்பரத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்றையும் செய்யுங்கள்.

மூன்றாவது நேர்காணலில் மாணவர் குழுவில் ஒரு பெண் இருந்தாள். 14 வயது இருக்கும். மற்றவர்கள் கேன்டீன், போன் விதி, சீருடை என்று கேட்டு முடித்த பிறகு அவள் காகிதத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நீங்கள் இங்கேயே இருப்பீர்களா?" நான்கு வருடத்தில் அந்தப் பள்ளி மூன்று தலைமையாசிரியரைப் பார்த்திருந்தது. தயாரித்து வைத்திருந்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. "நீ பள்ளி முடித்துப் போகும் நாளில் நான் இங்கே இருப்பேன். அதற்கு மேல் இப்போது வாக்குக் கொடுத்தால் பொய்யாகிவிடும்" என்றேன். அவள் தலையாட்டினாள். என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பதில்தான் காரணம் என்று குழுத் தலைவர் பிறகு சொன்னார். ரோண்டாவின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான மேர்டி 1990-ல் மூடும் வரை அங்கே வேலை செய்தவர் அவர். என்னைக் கடைசி நாள் வரை "மிஸ்" என்றே கூப்பிட்டார், பிள்ளைகளைப் போல.

மாணவர் குழுவை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். வேல்ஸில் பள்ளிக்கு மாணவர் மன்றம் இருக்கவேண்டும் என்பது சட்டம்.

பணமும் தேதியும்

தலைமையாசிரியர் சம்பளம் பள்ளியின் அளவைப் பொறுத்தது. 7 முதல் 9-ஆம் ஆண்டு வரை ஒரு பிள்ளைக்கு 9 அலகு, 10, 11-க்கு 11 அலகு, 16 வயதுக்கு மேல் படிக்கும் ஆறாம் படிவத்துக்கு 13 அலகு. கூட்டிப் பார்த்து எட்டுக் குழுக்களில் ஒன்றில் பள்ளியை வைப்பார்கள். 600 பிள்ளைகள் கீழே, 400 பேர் நடுவில், 150 பேர் ஆறாம் படிவத்தில் என்றால் 5,400, 4,400, 1,950, மொத்தம் 11,750. அது ஏழாம் குழு. ஆறாம் படிவத்தைக் கவுன்சில் வேறு கல்லூரியோடு இணைத்துவிட்டால் 9,800 ஆகி, ஆறாம் குழுவுக்கு இறங்கும். பள்ளத்தாக்குகளில் இந்த மாதிரி மறுசீரமைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. 3 வயது முதல் 16 வரை ஒரே பள்ளி என்பதும் கூடிவருகிறது. விண்ணப்பிக்கும் முன் கவுன்சிலின் திட்ட ஆவணத்தை வாசியுங்கள்.

பள்ளியின் பட்ஜெட்டும் தலை எண்ணிக்கைதான். கவுன்சில் பங்கிடும் பணத்தில் குறைந்தது 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் போகவேண்டும். 20 பிள்ளைகள் குறைந்தால் ஓர் ஆசிரியர் பதவி ஆட்டம் காணும். இதைத் துணைத் தலைமையாசிரியராக இருக்கும்போதே கணக்குப் போட்டுப் பழகினால்தான் பிறகு தூக்கம் வரும்.

தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் புதுத் தலைமையாசிரியர் வேண்டுமென்றால், இப்போதிருப்பவர் ஏப்ரல் 30-க்குள் ராஜினாமா கொடுக்கவேண்டும். துணைத் தலைமையாசிரியருக்கு மே 31. அதனால் விளம்பரங்கள் ஜனவரி முதல் ஈஸ்டர் வரை குவியும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருங்கள்.

வேலை கிடைத்த பிறகு

எஸ்டின் ஆய்வைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். எஸ்டின் என்ற வெல்ஷ் சொல்லுக்கு எட்டுதல், நீட்டுதல் என்று பொருள். நான் சேர்ந்தபோது பள்ளிகளுக்குப் பச்சை, மஞ்சள், அம்பர், சிவப்பு என்று நிறம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதையும் விட்டார்கள், 2022-ல் எஸ்டினும் "சிறப்பு, நன்று" என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிப்பதை நிறுத்தியது. எனக்கு அதில் நிறைவு. ஒரே வார்த்தையால் ஒரு பள்ளியில் ஆசிரியர் யாரும் சேரமாட்டேன் என்றதை நான் அருகில் இருந்து பார்த்தவள்.

பாடத்திட்டமும் புதிது. கல்வியாளர் கிரஹாம் டொனால்ட்சன் 2015-ல் கொடுத்த அறிக்கையில் தொடங்கி, உயர்நிலைப் பள்ளிகளில் 7, 8-ஆம் ஆண்டுகளுக்கு 2023 முதல் கட்டாயமானது. ஆறு கற்றல் பகுதிகள்; அவற்றுக்குள் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று பள்ளியே முடிவு செய்யவேண்டும். நல்ல சுதந்திரம், பெரும் சுமை. படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான 2018 சட்டமும் அதே சமயத்தில் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தபோது, எல்லாவற்றையும் முதல் வருடமே செய்து முடிக்கப் பார்த்த பள்ளிகள்தான் களைத்துப்போயின.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. 2024-ல் வட வேல்ஸில் ஒரு தலைமையாசிரியரே மாணவிகளைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்குச் சிறைக்குப் போனார். அதனால் முதல் வாரத்திலேயே எல்லாப் பணியாளருக்கும் சொல்லுங்கள்: என்மீது புகார் என்றால் என்னிடம் வரவேண்டாம், நிர்வாகக் குழுத் தலைவரிடம் போங்கள், இதோ அவர் எண். அதை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். நான் ஒட்டியிருந்தேன்.

அப்புறம், வேலை உறுதியான நாளுக்கும் செப்டம்பர் 1-க்கும் நடுவே நான்கைந்து மாதம் கிடைக்கும். அதில் இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளைகள் வரும் பேருந்தில் கடைசி நிறுத்தத்திலிருந்து ஏறி வாருங்கள். பிறகு பள்ளிக் காவலரோடு கட்டடம் முழுக்க நடங்கள். எங்கள் காவலர் 22 வருடம் அங்கே இருந்தவர். தண்ணீர் அடைக்கும் குழாய், ஒழுகும் கூரை எல்லாம் காட்டிவிட்டு, கடைசியாக விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். மலைத் தண்ணீர் இறங்கும் ஒரு கல் கால்வாய். "மழை வலுத்தால் இதில் இலை அடைக்கும். யாரும் பார்க்க வரமாட்டார்கள். நாம்தான் பார்க்கவேண்டும்" என்றார்.

2020 பிப்ரவரி 16, ஞாயிறு. டென்னிஸ் புயல். ரோண்டாவில் உள்ள டைலர்ஸ்டவுனுக்கு மேலே பழைய சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து விழும் காட்சி எல்லார் போனிலும் வந்தது. 1966 அக்டோபர் 21-ல் அபர்வானில் அதே மாதிரிக் குன்று பள்ளியின் மேல் சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்த நாடு இது. மதியத்துக்குள் பள்ளியின் அவசர எண்ணுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. நானும் காவலரும் மண்வெட்டியோடு கால்வாய்க்குப் போனோம். இரண்டு மணி நேரம் இலையும் கிளையும் வாரினோம். தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. கவுன்சில் பொறியாளரைப் பேசி வரவழைத்தேன். எங்கள் பக்கத்து மலையில் கழிவுக் குன்று இல்லை என்று எழுதியே கொடுத்தார்.

விடுமுறை முடிய ஒரு நாள் இருக்கும்போது ஒரு பாட்டி அழைத்தார். பேரன் எட்டாம் ஆண்டு. "மிஸ், நாளைக்கு அவனை அனுப்பலாமா?" என்று கேட்டார். பொறியாளர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்வாயை நானும் காவலரும் சுத்தம் செய்ததையும், அன்று காலையும் போய்ப் பார்த்ததையும் சொன்னேன். "நீங்களேவா போனீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, அனுப்புகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கே போய், முதலில் கால்வாயைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றேன். முதல் பேருந்தில் அந்தப் பையன் இருந்தான்.